மூன்றாவது நபர், முதல் பரிசோதனை

பெருமை பேசுவது கெட்ட பழக்கம் என்று சொல்கிறவர்களுக்குப் பேசிக்கொள்ள ஒரு பெருமையும் வாய்த்திருக்காது என்பது என் கருத்து. எனக்கு ஒன்று வாய்த்திருக்கிறது. அது ஒரு பிழைச் செய்தி. கைப்பேசித் திரையில் சிவப்பு எழுத்தில் வரும் இரண்டே வரி. அதை எழுதியவள் நான். எழுதினால் வேலை போகும் என்று தெரிந்தே எழுதினேன். அதனால் கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் இரண்டும் தாங்களே தலை வாரிக்கொள்ளும் வயதுக்கு வந்த பிறகு நான் மறுபடி வேலை தேடக் கிளம்பினேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "நடுவுல இத்தன வருஷம் என்ன பண்ணீங்க?" தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம் போலிருந்தது. கடைசியில் வேலை கொடுத்தவன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். சொந்தமாகச் சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறான். "வாங்க அக்கா, மூணு மாசம் இருந்து பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

அக்கா என்று கூப்பிட்டதற்காகத்தான் கொடுத்தான் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். முதல் வாரமே டீ மெஷின் பக்கத்தில் ஒருவன் "அக்கா கோட்டா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சொன்னவன் குடுமி. தலைமுடியை உச்சியில் முடிந்து வைத்திருப்பான், ஆதலால் எல்லோருக்கும் அவன் குடுமிதான். கைப்பேசியில் ஓடும் ஆப் எழுதுகிறவன். கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எனக்கும் நீளம்தான், அதனால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் மூன்றில் ஒன்று நடக்கும். மரியாதையாக அனுப்பிவிடுவான். அல்லது மரியாதைக்காக வைத்துக்கொள்வான். அல்லது இவள் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று வைத்துக்கொள்வான். முதல் இரண்டில் எது நடந்தாலும் நான் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். தயவில் கிடைக்கிற நாற்காலியில் எனக்கு முதுகு வலிக்கும்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே காற்றடிக்கிற மெஷின் உறுமும்போதெல்லாம் எங்கள் மேசையில் தண்ணீர் பாட்டில் நடுங்கும். ரப்பர் வாசனை பழகிவிட்டது. ஏ.சி. ஒழுகுகிற இடத்தில் ஒரு நீல வாளி வைத்திருப்பார்கள், அது நிரம்பினால் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் கொட்ட வேண்டும். எல்லோரும் எட்டு மணி நேரம் கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், வாளி மட்டும் எப்படியோ எப்போதும் என் கண்ணில்தான் படும்.

அப்போது கைக்கு வரவிருந்த வேலை பெரியது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகிறவர்கள். அவர்களுக்கு ஒரு ஆப். வீட்டில் ஒருவர் தன் கைப்பேசியிலிருந்து குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன பரிசோதனை, எந்த நேரம் என்று பதிவு செய்வார். ஆப் அதை ஒரு கோரிக்கையாகச் சுருட்டி எங்கள் சர்வருக்கு அனுப்பும். சர்வர் பிரித்துப் பார்த்துச் சேமிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஆட்கள், ஆளுக்குள் பரிசோதனைகள், பரிசோதனைக்குள் நேரம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் விவரம் அது. உள்ளே போகப் போக ஆழம். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம்.

சர்வர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கோடு, அதாவது நிரல், முதலாளி கைப்பட எழுதியது. கம்பெனி ஆரம்பித்த புதிதில், கீழே இருக்கிற டயர் கடைக்காக. அதற்குள் யாரும் கை வைப்பதில்லை. எனக்கும் மாத அறிக்கை எழுதும் வேலையைத்தான் கொடுத்திருந்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நானும் ஒதுங்கித்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது மாறியது. ஆப்பை எல்லோரும் வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தான். என் கணவர் ஆர்வமாகக் கைப்பேசியை வாங்கினார். வீட்டில் மூன்று பேரைப் பதிவு செய்தார். முதலில் அவர், கொழுப்புப் பரிசோதனை. இரண்டாவது அவருடைய தங்கை, என் நாத்தனார், பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு விளையாட்டாகக் கர்ப்பப் பரிசோதனையைத் தட்டிவிட்டார். மூன்றாவது என் மாமனார், சர்க்கரைப் பரிசோதனை. மாமனாருக்கு நிஜமாகவே சர்க்கரை உண்டு, அது எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று அவருக்கே தெரியாது.

எல்லாம் சரியாகப் பதிவானது. அதற்குள் என் கணவருக்குப் பயம் வந்துவிட்டது. "நிஜமாவே வந்து ஊசி போட்டுட்டா?" என்று கேட்டார். இது வெறும் ஒத்திகை என்று சொல்லியும் கேளாமல் தன் பெயரை மட்டும் நீக்கிவிட்டுச் சேமித்தார். பச்சை டிக் வந்தது. பதிவைத் திறந்து பார்த்தோம்.

நாத்தனாருக்குக் கொழுப்புப் பரிசோதனை. மாமனாருக்குக் கர்ப்பப் பரிசோதனை.

நாத்தனார் சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமனார் கண்ணாடியை மேலே தூக்கி நிதானமாகத் திரையைப் படித்தார். "கம்ப்யூட்டர் சொன்னா காரணம் இருக்கும்மா. எனக்கும் கொஞ்ச நாளா வயிறு உப்புசமாத்தான் இருக்கு" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தபோதுதான் தெரிந்தது, மாமனாருடைய சர்க்கரைப் பரிசோதனையை எங்கேயும் காணோம். யாருக்கும் போகவில்லை. சத்தமில்லாமல் விழுந்துவிட்டிருந்தது. இதுவே நிஜமாக இருந்தால், ரத்தம் எடுக்க வருகிறவர் வந்துவிட்டுப் போயிருப்பார், சர்க்கரை பார்த்தாயிற்று என்று அவரும் நிம்மதியாக இருந்திருப்பார். என் சிரிப்பு அத்தோடு நின்றது.

மறுநாள் காலை முதல் வேலையாக முதலாளியின் பழைய கோட்டைத் திறந்தேன். அது ஒரு மட்டத்துக்கு மேல் உள்ளே இறங்காது. ஆளுக்குள் பரிசோதனை என்றால் அதற்குப் புரியாது. அதனால் ஆப் எழுதும்போது குடுமி ஒரு குறுக்கு வழி செய்திருந்தான். ஆட்களை ஒரு வரிசையாகவும் பரிசோதனைகளைத் தனியாக இன்னொரு வரிசையாகவும் அனுப்பிவிடுவான். முதல் ஆளுக்கு முதல் பரிசோதனை, இரண்டாம் ஆளுக்கு இரண்டாவது என்று சர்வர் எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். ஆள் வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் இருப்பவர்கள் ஓரடி முன்னால் வருவார்கள். பரிசோதனை வரிசை நின்ற இடத்திலேயே நிற்கும். கடைசியில் ஆளில்லாமல் நிற்கிற பரிசோதனையை சர்வர் குப்பையில் போட்டுவிட்டுப் பச்சை டிக் கொடுக்கும்.

மாதக்கணக்காகச் சோதித்தார்களே, ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்பீர்கள். ஒவ்வொருவராகச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள், யாரும் ஒருவரை எடுத்துப் பார்க்கவில்லை. கட்டுகிறவர்களுக்கு எப்போதும் கட்டத்தான் தோன்றும். ஊசிக்குப் பயந்த என் கணவர் ஒருவர் வேண்டியிருந்தது.

முதலாளியின் அறை கண்ணாடி போட்டது. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, ஆனால் முகம் தெரியும். நானும் குடுமியும் அவன் எதிரில் நின்றோம்.

"வெள்ளிக்கிழமை பரிசோதனைக் கூடத்துல டெமோ. அதுக்கு நீக்கற பட்டனை மறைச்சிடலாம்" என்றான் முதலாளி. "காண்ட்ராக்ட் கையெழுத்தானதும் மெதுவா சரி பண்ணிக்கலாம்."

"கையெழுத்தானதும் யார் மெதுவா சரி பண்ணியிருக்காங்க?" என்றேன்.

குடுமி குறுக்கே வந்தான். "என் பக்கம் சரியாத்தான் இருக்கு. சர்வர் எப்படி வாங்குதோ அப்படித்தானே நான் அனுப்ப முடியும்?"

அவன் சொன்னது நியாயம். ஆனால் அந்த நியாயம் நேரே முதலாளி தலையில் போய் இறங்கியது. அவன் முகம் இறுகியது. "அந்தக் கோடு இத்தன வருஷமா ஓடுது அக்கா. ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல. வந்த கொஞ்ச நாள்ல, எடுத்த எடுப்புல கோடு சரியில்லன்னா எப்படி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா ஆயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. தவளை தன் வாயால் கெடும் என்று தெரிந்தும் வாயைத் திறந்தேன். "டயருக்கு ஓடும் தம்பி. ஒரு வண்டிக்கு நாலு டயரும் ஒரே மாதிரி. எது எங்க போனாலும் வண்டி போகும். மனுஷங்களுக்கு ஓடாது."

அலுவலகத்தில் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கீழே காற்றடிக்கிற மெஷின் உறுமியது.

"சரி," என்றான் கடைசியில். "புதுசா எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா அது போகட்டும், முடியலன்னா பழசு போகும். உங்க மூணு மாசத்தப் பத்தியும் அன்னிக்கே பேசிடலாம்."

வெளியே வந்ததும் பாதிகூட நிரம்பாத நீல வாளியை எடுத்துப்போய்க் கொட்டினேன். பயத்தில் என்று குடுமி நினைத்திருப்பான். எனக்கு ஆத்திரம் வந்தாலும் கைக்கு ஒரு வேலை வேண்டும், சந்தோஷம் வந்தாலும் வேண்டும். அன்றைக்கு மூன்றும் கலந்திருந்தது.

புதிதாக எழுதினேன். கோரிக்கைக்குள் ஒரு வீடு. வீட்டுக்குள் ஆட்கள், ஆளாளுக்குத் தனி அடையாள எண். அந்த ஆளுக்கு உள்ளேயே அவருடைய பரிசோதனைகள். பரிசோதனைக்கு உள்ளேயே அதன் நேரம். யார் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அவரவர் சாமான் அவரவர் கையில். இதில் என்ன பெரிய மூளை என்று கேட்டால், ஒன்றும் இல்லைதான். முதலிலேயே இப்படி இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிற வேலைதான் எங்கள் தொழிலில் நல்ல வேலை.

சண்டை வேறிடத்தில் வந்தது. ஏற்கெனவே பதிவான வீட்டில் ஏதாவது மாற்றினால், ஆப் மறுபடி ஒரு கோரிக்கை அனுப்பும். அதில் ஒரு ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவரை நீக்கிவிட்டார்கள் என்றா, அவரில் மாற்றம் இல்லை என்றா?

"இல்லன்னா இல்லதான். வரலன்னா நீக்கிடணும்" என்றான் குடுமி.

"கடைக்குப் போறவர்கிட்ட சோப்பு மட்டும் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா, வீட்டுல இருக்கற உப்பைக் கொட்டிடுங்கன்னு அர்த்தமா?"

அவன் தன் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்ப நீக்கணும்னா?"

"நீக்குன்னு வாயத் திறந்து சொல்லணும். சொல்லாம விட்டது வேற, வேண்டாம்னு சொன்னது வேற."

இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. சர்வருக்காவது தெரியட்டும் என்று எழுதினேன். அதற்குப் பிறகு குடுமி வாதாடவில்லை. தன் பக்கத்தை என் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, சாப்பிடப் போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா, சொல்லிவிட்டேன்.

அடுத்ததுதான் என் பெருமை. உள்ளே எங்கோ ஒரு விவரம் தப்பாக இருந்தால் சர்வர் என்ன செய்ய வேண்டும்? பழைய கோடு விழுங்கிவிடும். வேறு சில இடங்களில் "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள். எங்கே, என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. வீட்டில் பிள்ளை கை காலை உதைத்து அழுகிறது, எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது, அந்த மாதிரி. பிள்ளை வளர்த்தவளுக்கு அது பொறுக்காது. என் சர்வர் கடைசி ஆழம் வரை இறங்கிப் பார்க்கும். எத்தனாவது நபர், அவருடைய எத்தனாவது பரிசோதனை, அதில் எந்த விவரம், அதில் என்ன தப்பு என்று முழு வழியையும் சொல்லும். ஒன்று தப்பானாலும் மொத்தக் கோரிக்கையையும் திருப்பி அனுப்பும். பாதி உள்ளே, பாதி வெளியே என்ற பேச்சே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி என் பின்னால் வந்து நின்று பார்த்தான். வேண்டுமென்றே ஒரு தப்பான விவரம் கொடுத்தான். சிவப்பு எழுத்து வந்தது.

"அக்கா, டெமோல சிவப்பு வரவே கூடாது" என்றான். "தப்பா இருக்கறத விட்டுட்டு சரியா இருக்கறத மட்டும் சேமிச்சுக்கட்டும். பச்சை டிக் வரட்டும்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க."

"ஒரு நாளைக்குத்தானே."

"மறைச்சா அப்புறம் எடுக்கவே மாட்டோம். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அவன் பெருமூச்சு விட்டான். "நல்லா யோசிச்சுக்கோங்க. நாளைக்கு அவங்க முன்னாடி சிவப்பு வந்தா, காண்ட்ராக்ட் போச்சு. அதுக்கப்புறம் நான் உங்களுக்காக யாருகிட்டயும் பேச முடியாது."

எனக்காக அவன் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை மட்டும் வெளியே சொல்லாமல் விழுங்கினேன். "வந்தா நான் பதில் சொல்றேன்" என்றேன். அன்று சாயங்காலம் வீட்டில், நாளையோடு வேலை போகலாம் என்று கணவரிடம் சொன்னபோது, அவர் கொஞ்சம் யோசித்து, "தப்பு உன் மேல இல்லன்னா போகட்டும்" என்றார். ஊசிக்குப் பயப்படுவாரே தவிர மற்றபடி தைரியசாலி.

மறுநாள் டெமோவுக்குப் போன பரிசோதனைக் கூடம் சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம். சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி என்று சோதனைக் குழாய்கள் தாங்கிகளில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் ஒட்டியிருந்தது. எங்களை உட்கார வைத்த அறையில் நீளமான மேசை, பெரிய திரை. பொறுப்பாளர் ஒரு பெண்மணி. என் வயதுக்கு நாலைந்து கூட இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள், அந்த அறையில் வேறு யாரும் பேசவில்லை.

எதைத் தட்ட வேண்டும், என்ன போட வேண்டும் என்று குடுமி பக்கத்தில் இருந்து சொல்வதாக ஏற்பாடு. மேடம் கைப்பேசியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்க தம்பி" என்றார். ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

தன் வீட்டையே பதிவு செய்தார். அவர், அவருடைய கணவர், மாமியார், மகன். நான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று பரிசோதனை. சேமித்தார், பச்சை. பிறகு கணவரை நீக்கினார். "அவரு கூப்பிட்டாலும் வர மாட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். மாமியாருடையது மாமியாரிடமே இருந்தது, மகனுடையது மகனிடமே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

மேடம் நிறுத்தவில்லை. மகனுடைய பெயரைத் திறந்து எதையோ மாற்றினார். மாமியாரின் நேரத்தையும் மாற்றினார். சேமித்தார்.

பெரிய திரை முழுக்கச் சிவப்பு.

முதலாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். குடுமி மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "மூன்றாவது நபர், முதல் பரிசோதனை, நேரம். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு மாலை ஆறு மணி கொடுக்கப்பட்டுள்ளது. இந்தக் கோரிக்கையில் எதுவும் சேமிக்கப்படவில்லை."

"மேடம், அது வந்து..." என்று முதலாளி ஆரம்பித்தான். மேடம் கையைக் காட்டினார்.

"மாமியாரோட நேரத்தை மாத்தினேனே, அது சரியாத்தானே இருந்துச்சு? அது உள்ள போச்சா?"

பதில் சொல்கிறேன் என்றவள் நான். எழுந்து நின்றேன். "போகல மேடம். ஒண்ணு தப்புன்னா எதுவும் உள்ள போகாது. தப்பு எங்கன்னு சொல்லி முழுசா திருப்பி அனுப்பிடும். திருத்தி அனுப்பினா மொத்தமா ஏத்துக்கும்."

"ஏன்?"

"பாதி மட்டும் உள்ள போனா, எந்தப் பாதி போச்சுன்னு வீட்டுல இருக்கறவங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்க ஆள் அங்க போய் நின்ன பிறகுதான் தெரியும்."

அறையில் இருந்த மற்றவர்கள் மேடத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சேதான் தப்பாப் போட்டேன்" என்றார். "போன வாரம் வந்தவங்க ஆப்லயும் இதையேதான் போட்டேன். பச்சை டிக் போட்டுட்டு சிரிச்சுது. எங்க ஆளுங்க ஒரே வீட்டுக்கு ரெண்டாவது தடவை ஊசியோட போனா, நாயை அவுத்து விடறாங்க. அதெல்லாம் சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு எங்க தெரியுது." பிறகு முதலாளியைப் பார்த்தார். "இது யார் எழுதினது?"

நாங்கள் எழுதியது என்று சொல்லலாம். கம்பெனி என்று சொல்லலாம். எல்லா முதலாளிகளும் அப்படித்தான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. அவன் என்னைக் காட்டினான். "இவங்க எழுதினது மேடம். முன்னாடி இருந்தது நான் எழுதினது. அது பச்சை டிக்தான் போட்டிருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுக்கு ஆயிரம் குற்றத்தை மன்னிப்பேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "எத்தன வருஷ அனுபவம் உங்களுக்கு?"

"நடுவுல பிள்ளைங்கள வளர்த்தேன். அதைச் சேர்த்துச் சொல்லவா, சேர்க்காமச் சொல்லவா?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "சேர்த்தே சொல்லுங்க." சொன்னேன். நல்ல பெரிய எண்ணாக வந்தது. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அப்புறம் குழந்தைகளின் வயது, கர்ப்பிணிகள், ஒரே பெயரில் இரண்டு பேர் என்று கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன், செய்ய முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது, "திங்கட்கிழமை பேப்பர் அனுப்பறேன்" என்று மேடம் முதலாளியிடம் சொன்னார். கை குலுக்கியது என்னோடு.

வெளியே வாகன நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. குடுமி என் பக்கத்தில் வந்து நடந்தான். "நானும் உங்கள அக்கான்னு கூப்பிடலாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். மேடம்னே கூப்பிடு. நல்லா இருக்கு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை எடுக்கப் போனான். நானும் முதலாளியும் ஒரு மரத்து நிழலில் ஒதுங்கினோம். அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"உங்க மூணு மாசத்தப் பத்திப் பேசணும்னு சொன்னேன்" என்றான்.

"சொன்னீங்க."

"பொய் சொல்ல மாட்டேன் அக்கா. உங்கள மரியாதைக்குத்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"இப்ப போயிடாதீங்கன்னு கேக்கறேன். இது மரியாதைக்கு இல்ல. நீங்க இல்லன்னா அந்த மேடத்தோட கேள்விக்குப் பதில் சொல்ல என்கிட்ட ஆள் கிடையாது."

எத்தனை கதவு தட்டினேன், எத்தனை பேர் நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள், இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனையும். அழுதால் அவன் மறுபடி அக்கா என்று இரக்கப்படுவான் என்று தோன்றியது. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

"அப்ப சம்பளத்தையும் மரியாதை பார்க்காமப் பேசலாம்" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பேசி முடித்த பிறகுதான் சிரித்தேன்.